வீட்டுப் பட்டியலும் ஊராட்சி நிதியும்: கிராம சபையில் கேட்டுப் பெறுவது எப்படி?

வீட்டுத் திட்டத்தில் உங்கள் பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது? ஊராட்சிக்கு வரும் மானியத்தில் உங்கள் தெருவுக்கு என்ன வேலை நடக்கப்போகிறது? இந்த இரண்டு கேள்விகளையும் நேருக்கு நேர் கேட்கவும், தவறு இருந்தால் திருத்தச் சொல்லவும், சரியாக இருந்தால் ஒப்புதல் தரவும் சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் இடம் கிராம சபை. 1993 ஏப்ரல் 24-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 73-வது அரசமைப்புச் சட்டத் திருத்தம் கிராம சபைக்கு அரசமைப்பில் இடம் தந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 அதன் வேலைகளை வகுத்தது. ஊராட்சியின் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது, வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது, தணிக்கை அறிக்கையைப் பார்ப்பது, நடக்கும் வேலைகளை ஆய்வு செய்வது ஆகியவை அதில் முக்கியமானவை. பயனாளிப் பட்டியலைச் சரிபார்த்து ஒப்புதல் தரும் பொறுப்பை வீட்டுத் திட்டங்களின் வழிகாட்டு நெறிகள் இதே சபையிடம் கொடுத்திருக்கின்றன. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் இதில் உறுப்பினர்கள். உறுப்பினராக வருகிறவரை யாரும் அழைக்கவும் வேண்டாம், யாரும் தடுக்கவும் முடியாது.

ஆனாலும் பெரும்பாலான ஊர்களில் கூட்டம் முடிந்து மூன்று மாதம் கழித்து, "அன்னைக்கே சொன்னோமே, ஒண்ணும் நடக்கல" என்ற பேச்சுதான் கேட்கிறது. சொன்னது உண்மைதான். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை. வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் ஒரு கோப்பு நகர வேண்டுமானால் தீர்மான எண் வேண்டும், தேதி வேண்டும். நீங்கள் எவ்வளவு உரக்கப் பேசினீர்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஆகவே இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே விஷயத்தைப் பற்றியதுதான்: எழுதப்படும் விதமாகக் கேட்பது, கேட்டதை எழுதவைப்பது.

கூட்டம் எப்போது, எத்தனை பேர் வேண்டும்

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் கிராம சபை கூடி வந்தது. 2022-ல் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ம் உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1-ம் சேர்க்கப்பட்டு, ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் என்றாகியது. தேவைப்பட்டால் சிறப்புக் கிராம சபையும் கூட்டலாம். கூட்டத்தைக் கூட்ட வேண்டியவர் ஊராட்சித் தலைவர். அவர் கூட்டத் தவறினால் மாவட்ட ஆட்சியர் கூட்ட வேண்டும். 28 மாவட்டங்களில் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தலைவர் இல்லை என்பதற்காகக் கிராம சபை இல்லாமல் போய்விடாது. தனி அலுவலர் காலத்திலும் கூட்டம் நடக்க வேண்டும், பட்டியல் படிக்கப்பட வேண்டும்.

குறைந்தபட்ச வருகைக்கும் கணக்கு உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து நிறைந்திருந்து பந்தலில் ஆள் இல்லாமல் இருந்தால், அதைச் சொல்லிக்காட்ட உங்களுக்கு உரிமை உண்டு.

கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி 2022-ல் அரசு அறிவுறுத்திய பிறகு, ஒலிபெருக்கி கட்டிய வண்டியும் நோட்டீசும்தான் அறிவிப்பு. வண்டி மெயின் ரோட்டோடு திரும்பிப் போய்விடுகிறது, காலனிப் பக்கமோ தோட்டத்து வீடுகள் பக்கமோ வருவதில்லை என்றால், அந்த விஷயத்தையே ஒரு மனுவாக எழுதிக் கொடுங்கள்.

எந்தப் பணம், யாருடைய முடிவு

இரண்டு வகைப் பணத்தைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிக் கூட்டம் வீணாகிறது. ஒன்று, தனி ஒருவருக்கு வீடு கட்ட வரும் மானியம். மற்றது, ஊருக்குப் பொதுவாக வரும் மானியம்.

வீட்டு மானியத்தில், இந்த ஆண்டு உங்கள் ஊராட்சிக்கு எத்தனை வீடு என்ற எண்ணிக்கை மேலிருந்து வருகிறது. தலைவரிடம் சண்டை போட்டு அதைக் கூட்ட முடியாது. ஆனால் அந்த எண்ணிக்கைக்குள் யார் முதலில், யார் பிறகு, யார் தகுதியே இல்லாமல் உள்ளே நுழைந்திருக்கிறார் என்பதை ஊர் சரிபார்க்க வேண்டும். ஆகவே "எனக்கு ஒரு வீடு குடுங்க" என்ற வேண்டுகோளை விட, "பட்டியலில் என் பெயர் இருக்கிறதா, எத்தனையாவது, எனக்கு முன்னால் இருப்பவர் எந்தத் தகுதியில் முன்னால் இருக்கிறார்?" என்ற கேள்விக்குப் பலம் அதிகம். இதற்கு அலுவலர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

வீட்டுப் பட்டியல் எங்கிருந்து வருகிறது

பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம், இந்திரா காந்தி பெயரில் 1985-ல் தொடங்கிய பழைய குடியிருப்புத் திட்டத்தின் இடத்தில் 2016-ல் வந்தது. சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு ரூ.1,20,000, மலைப்பகுதியில் ரூ.1,30,000. இதில் மத்திய அரசு 60 சதவீதமும் மாநில அரசு 40 சதவீதமும் தருகின்றன. கான்கிரீட் கூரைக்காகத் தமிழ்நாடு அரசு தனியே ஒரு தொகை சேர்க்கிறது. வீடு சமையலறையோடு சேர்த்து 25 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது.

இதற்கான முதல் பட்டியல் 2011-ல் எடுத்த சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. அதில் விடுபட்டவர்களுக்காக 2018-ல் 'ஆவாஸ் பிளஸ்' என்ற கணக்கெடுப்பு தொடங்கியது. 2024-க்குப் பிறகு புதிய கணக்கெடுப்பும் நடந்தது. வீடே இல்லாதவர் முதலில், பிறகு மண் சுவரும் கீற்றோ ஓலையோ வேய்ந்த கூரையுமாக அறையே பிரிக்காத வீடு, ஓர் அறை வீடு, ஈரறை வீடு என்று வரிசை இறங்குகிறது. ஆதரவற்றோர், கையால் மலம் அள்ளும் வேலையில் இருந்தவர்கள், மீட்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர், மிகவும் பின்தங்கிய பழங்குடியினர் ஆகியோரைத் தானாகவே சேர்க்க வேண்டும். உங்கள் ஊரில் இருளர் குடும்பங்கள் இருந்தால் இந்த வரியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் பலரிடம் ஆதாரும் இல்லை, ரேஷன் அட்டையும் இல்லை என்று சொல்லியே பட்டியலில் விட்டுவிடுகிறார்கள். யாருக்கு வீடு மிகவும் தேவையோ அவரே விடுபடுவது இந்தத் திட்டத்தில் நடக்கும் பெரிய அநியாயம்.

தகுதி நீக்கத்துக்கும் விதி உண்டு. வருமான வரி கட்டுபவர், அரசு ஊழியர், மூன்று அல்லது நான்கு சக்கர மோட்டார் வாகனம் வைத்திருப்பவர், இரண்டரை ஏக்கருக்கு மேல் பாசன நிலம் உள்ளவர் போன்றோர் வர முடியாது. முன்பு மோட்டார் சைக்கிள், குளிர்சாதனப் பெட்டி, தரைவழித் தொலைபேசி வைத்திருந்தாலும் பெயர் போய்விடும். 2024-ல் அந்த மூன்றையும் எடுத்துவிட்டார்கள், மாத வருமான வரம்பையும் 10,000 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்த்தினார்கள். பழைய டிவிஎஸ் ஃபிஃப்டி ஒன்று வாசலில் நிற்பதைக் காட்டி உங்கள் பெயரை அடித்திருந்தால், அதைக் கிளப்பிக் கேட்க வேண்டிய நேரம் இது.

மாநில அரசின் கலைஞரின் கனவு இல்லம் 2024-25 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. முதல் ஆண்டுக்கு ஒரு லட்சம் வீடுகள், வீட்டுக்கு ரூ.3.5 லட்சம், பரப்பு 360 சதுர அடி என்று தொடங்கினார்கள். குடிசையில் வாழ்பவருக்கான திட்டம் இது. குடிசைக் கணக்கெடுப்பில் பெயர் ஏறியவர்களிலிருந்து தேர்ந்தெடுத்து, கிராம சபையில் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும்.

எந்தத் திட்டமானாலும் பணம் கட்டம் கட்டமாக, கட்டடம் எழும்ப எழும்ப, பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் புகைப்படம் எடுத்துப் பதிவேற்றுகிறார்கள். பட்டியலில் பெயர் சேர்க்கவோ, வேலை உத்தரவு வாங்கவோ, அடுத்த தவணையை விடுவிக்கவோ யாருக்கும் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. கேட்டால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்துக்குப் போகலாம். போகத் தயங்குபவர்கள் அதிகம் என்பது எனக்குத் தெரியும். ஐந்தாறு பயனாளிகள் சேர்ந்து போனால் அந்தத் தயக்கம் குறையும்.

பட்டா: கூட்டத்துக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை

பட்டியலில் பெயர் வந்தும் வீடு கைக்கு வராமல் போவதற்குப் பெரிய காரணம் மனை. மாமனார் பெயரில் பட்டா இருக்கிறது, அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன, நான்கு மகன்களில் இருவர் வெளியூரில். கைம்பெண்ணாகிவிட்ட மூத்த மருமகள் அந்த மனையின் ஒரு மூலையில் கீற்றுக் கொட்டகையில் குடியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயர் பட்டியலில் முதலில் இருந்தாலும், ஓவர்சியர் வந்து "பட்டா உங்க பேர்ல இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அடுத்த பெயருக்கு வீடு போய்விடும்.

இதற்குக் கிராம சபையில் தீர்வு கிடையாது, வருவாய்த் துறையில்தான் இருக்கிறது. வாரிசுச் சான்று, மற்ற பங்காளிகளின் சம்மதம், பாகப்பிரிவினை அல்லது விடுதலைப் பத்திரம், பிறகு பட்டா மாறுதல் என்று இந்த வேலைக்கு மாதக்கணக்கில் ஆகும். பட்டியல் வந்த பிறகு தொடங்கினால் முடியாது. பெயர் வரும் என்ற நம்பிக்கை இருந்தால் இப்போதே கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். மனையே இல்லாதவர்கள் இலவச வீட்டுமனைப் பட்டாவுக்கு வட்டாட்சியரிடம் தனியே மனு கொடுத்து, அந்த மனுவின் எண்ணையும் தேதியையும் கிராம சபையில் சொல்லிப் பதிய வையுங்கள். 'மனை இல்லாத காரணத்தால் நிலுவையில் உள்ள பயனாளிகளுக்கு மனை வழங்க வட்டாட்சியரைக் கேட்டுக்கொள்வது' என்று ஒரு தீர்மானம் போட முடியும். தனி மனுவோடு அந்தத் தீர்மானமும் சேர்ந்து போனால் கனம் கூடும்.

பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிரதமர் திட்டத்தில் வீட்டை மனைவி பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலுமோதான் ஒதுக்க வேண்டும். கணவனை இழந்தவர், மணமாகாதவர், பிரிந்து வாழ்பவர் போன்றோருக்கு மட்டும் விலக்கு. பட்டா மாறுதலின்போதே பெண் பெயரையும் சேர்த்துவிட்டால் பின்னால் சிக்கல் இருக்காது.

ஊருக்கு வரும் பொதுப்பணம்

மத்திய நிதிக்குழு மானியம்தான் இதில் பெரிய பங்கு. 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுக்கு நாட்டின் ஊரக உள்ளாட்சிகளுக்கு ரூ.2,36,805 கோடி பரிந்துரைத்தது. அந்த மானியத்தில் 60 சதவீதத்துக்கு நிபந்தனை இருந்தது. பாதி குடிநீருக்கும் மழைநீர்ச் சேமிப்புக்கும், மறுபாதி சுகாதாரத்துக்கும் போக வேண்டியிருந்தது. மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கு ஏற்பச் செலவு செய்ய முடிந்தது, ஆனால் சம்பளத்துக்கோ நிர்வாகச் செலவுக்கோ அதைத் தொடக்கூடாது என்பது விதி. இப்படிப்பட்ட பங்கீட்டைத் தெரிந்து வைத்திருந்தால், "நிதி இல்லை" என்ற பதில் வரும்போது "எந்தப் பங்கில் இல்லை?" என்று திருப்பிக் கேட்கலாம். சாலைக்கு நிதி இல்லாத ஆண்டில் சாக்கடைக்கு நிதி இருக்கலாம். ஐந்தாண்டுக்கு ஒரு முறை நிதிக்குழு மாறும்போது இந்தப் பங்குகளும் மாறக்கூடும் என்பதால், நடப்பு ஆண்டின் பங்கீடு என்ன என்று ஊராட்சிச் செயலரிடம் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாநில நிதி ஆணைய மானியம், ஊராட்சியின் சொந்த வரி வருமானம், 2021-22 முதல் ஐந்து ஆண்டுகளில் 12,525 ஊராட்சிகளையும் சுற்றி வரும்படி வகுத்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் இரண்டாம் கட்டம் போன்றவை வேறு வாய்க்கால்கள். இவை ஒவ்வொன்றிலும் இந்த ஆண்டு உங்கள் ஊருக்கு எவ்வளவு வந்தது என்பது வரவு செலவு அறிக்கையில் இருக்கும். கூட்டத்தில் அதைப் படிக்க வேண்டும், எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்கவும் வேண்டும்.

இங்கே காலம் மிக முக்கியம். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் என்பது அடுத்த நிதியாண்டுக்கானது. மக்கள் திட்ட இயக்கம் என்ற பெயரில் அதைத் தயாரிக்கும் வேலை 2018 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 2-ஐ ஒட்டித் தொடங்குகிறது. அப்போது சேர்ந்த வேலைகள்தான் 'இ-கிராம் ஸ்வராஜ்' இணையதளத்தில் ஏறி, ஏப்ரலுக்குப் பிறகு நிதி பெறும். மே மாதக் கூட்டத்தில் எழுந்து புதிதாக ஒரு சாலை கேட்டால், அந்த ஆண்டுத் திட்டம் ஏற்கெனவே முடிந்திருக்கும். ஆண்டுக்கு ஒரு கூட்டத்துக்குத்தான் வர முடியும் என்ற நிலையில் இருப்பவர் அக்டோபர் 2-ஆம் தேதிக் கூட்டத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

இன்னொரு வழியும் இருக்கிறது, பெண்களுக்கு அது மிகவும் பயன்படும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் சேர்ந்து கிராம வறுமைக் குறைப்புத் திட்டம் ஒன்றைத் தயாரித்து, ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தோடு இணைக்கக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. குழுக் கூட்டத்தில் கடன் தவணை பேசி முடித்ததும் எழுந்து போய்விடாமல், "இந்த வருசத் திட்டத்துல நம்ம தெரு என்ன கேட்டிருக்கு அக்கா?" என்று கேளுங்கள். மைக் பிடித்துப் பேசக் கூச்சப்படுகிற ஒரு பெண்ணின் கோரிக்கை இந்த வழியில் எழுத்தாகவே சபைக்குள் வந்துவிடும்.

கூட்டத்துக்கு முந்தைய வாரம்

ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்ச் செயலரிடம் பொருள் நிரல் கேளுங்கள். ஊரில் அவரைக் கிளார்க் என்றுதான் அழைப்பார்கள். பெரும்பாலும் உங்கள் பகுதிக்காரராகத்தான் இருப்பார். "அண்ணே, வர்ற கிராம சபைல வீட்டுப் பட்டியல் வைக்கிறீங்களா? ஒரு காப்பி பாத்துக்கிறேன்" என்று கேட்டாலே போதும், அதிகாரமாகப் பேச வேண்டியதில்லை. பட்டியல் பொது ஆவணம். கையில் கிடைக்காவிட்டால் பிரதமர் திட்டப் பயனாளிகள் விவரம் இணையத்தில் ஊராட்சிவாரியாக இருக்கிறது, கல்லூரியில் படிக்கும் பிள்ளை யாராவது கைபேசியில் எடுத்துத் தந்துவிடுவார்கள்.

பட்டியலோடு தெருவில் நடந்து பாருங்கள். இந்த வேலையை மட்டும் தவிர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இப்போது இருக்கும் வீடு என்ன என்று ஒரு சொல் எழுதுங்கள்: கீற்று, ஓடு, தகரம், மாடி, பூட்டிக் கிடக்கிறது, ஆள் இறந்துவிட்டார், ஊரில் இல்லை. பிறகு பட்டியலில் இல்லாத குடிசைகளைத் தனித்தாளில் எழுதுங்கள், வீட்டுத் தலைவர் பெயர், கதவு எண், எத்தனை பேர், பட்டா உண்டா இல்லையா என்ற விவரத்தோடு. இந்த இரண்டு தாள்களோடு எழுந்து நிற்பவரிடம் எந்த அலுவலரும் "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது.

தகுதி இல்லாத ஒருவர் பட்டியலில் இருப்பது தெரிந்தால் சங்கடம்தான். சொந்தக்காரராக இருப்பார், கடன் கொடுத்தவராக இருப்பார், எதிர்த்தால் முகத்தில் விழிக்க முடியாது. பொதுக்கூட்டத்தில் ஒருவரைப் பெயர் சொல்லிக் குற்றவாளி ஆக்குவதை விட, "இத்தனையாவது எண்ணில் உள்ள பயனாளிக்கு ஏற்கெனவே கான்கிரீட் வீடு இருப்பதாகத் தெரிகிறது, நேரில் ஆய்வு செய்து முடிவெடுக்க வேண்டும்" என்று எழுதிக் கொடுப்பது நாகரிகமும்கூட, பலனும் உண்டு. பெயரை நீக்கினால் ஏன் நீக்கினோம் என்ற காரணத்தையும் தீர்மானத்தில் எழுத வேண்டும். நீக்கப்பட்டவர் மாவட்ட அளவிலான மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். உங்கள் பெயரே காரணம் சொல்லாமல் காணாமல் போயிருந்தாலும் அந்தக் குழுவைத்தான் அணுக வேண்டும்.

கூட்டத்தில்

"எங்க தெருவுல தண்ணி வரல, எத்தனை தடவ சொல்றது?" என்று ஒருவர் கோபத்தோடு கேட்கிறார். நியாயமான கோபம். அன்று மாலை தீர்மானப் புத்தகத்தில் அது எப்படி எழுதப்படும் தெரியுமா? 'குடிநீர்ப் பிரச்சினை குறித்து விவாதிக்கப்பட்டது.' அவ்வளவுதான். எந்தத் தெரு, என்ன வேலை, எந்த நிதி, எதுவும் அதில் இல்லை. அந்த வரியை வைத்துப் பொறியாளர் மதிப்பீடு தயாரிக்க முடியாது.

அதே கோரிக்கையை இப்படி எழுதிக் கொண்டுபோய், படித்துவிட்டு, தலைவரிடம் தாளைக் கொடுங்கள்:

'மூன்றாவது வார்டு கிழக்குத் தெருவில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியிலிருந்து தெருக்கோடி வரை சுமார் 120 மீட்டர் நீளத்துக்குப் புதிய குடிநீர்க் குழாய் அமைக்கும் பணியை, நிதிக்குழு மானியத்தில் குடிநீருக்கான பங்கிலிருந்து எடுத்துச் செய்ய, அடுத்த ஆண்டின் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் முன்னுரிமைப் பணியாகச் சேர்க்க இச்சபை தீர்மானிக்கிறது. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர்.'

நீளத்தை நீங்களே அடியெண்ணி அளக்கலாம். துல்லியம் பிறகு ஓவர்சியர் வேலை. முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் என்று பேசி வைத்துக்கொண்டு போங்கள், முடிந்தால் ஒரு பெண்ணும் வேறு தெருக்காரர் ஒருவருமாக. நம் தெரு வேலைக்கு அடுத்த தெரு வழிமொழிந்தால் அது ஊர்க் கோரிக்கை ஆகிவிடுகிறது. அவர்கள் கோரிக்கைக்கு நீங்கள் கைதூக்குங்கள்.

கையெழுத்து விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். வந்தவுடன் நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அது வருகைக்கான கையெழுத்து. மேலே தலைப்பு என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். வெற்றுத் தாளில் போட வேண்டாம். கூட்டம் கலையும் முன், "தீர்மானங்களைப் படிச்சுக் காட்டுங்க தலைவரே" என்று கேட்பது உங்கள் உரிமை, தனி அலுவலர் நடத்தும் கூட்டத்தில் "ஐயா, ஒரு தடவை படிச்சுக் காட்டச் சொல்லுங்க" என்று கேளுங்கள். ஏற்காத தீர்மானம் ஏதாவது இருந்தால் 'இன்னார் ஆட்சேபம் தெரிவித்தார்' என்று எழுதச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது பாதிப் பேர் எழுந்து போவார்கள். பட்டியலுக்கு ஒப்புதல் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வருகிறது. கடைசிவரை ஐந்து பேராவது உட்கார்ந்திருக்க ஏற்பாடு செய்யுங்கள்.

எல்லோராலும் எழுந்து நிற்க முடிகிறதா?

மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில், தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதை ஏற்க மறுத்து, 1996 முதல் பத்து ஆண்டுகள் முறையான தேர்தலே நடக்கவிடாமல் செய்தார்கள். 2006-ல்தான் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் அமர்ந்தார்கள். அதே பாப்பாபட்டியில் 2021 அக்டோபர் 2-ஆம் தேதி நடந்த கிராம சபையில் அன்றைய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்டார். சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்தாலும், அதன் வழியே நடந்து உள்ளே போக ஊர் விடுகிறதா என்பது தனிக் கேள்வி என்பதற்கு இந்த நான்கு ஊர்களும் சாட்சி.

இன்றும் பல ஊர்களில் காலனிக்காரர்கள் பந்தலின் ஓரத்தில் நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். இடம் எது என்பதே பாதி விஷயத்தை முடிவு செய்துவிடுகிறது. மதச்சார்புள்ள எந்த வளாகத்திலும் கிராம சபையை நடத்தக் கூடாது என்பது அரசின் அறிவுரை. கோயில் மண்டபத்தில் நடந்தால் எழுத்து மூலம் ஆட்சேபியுங்கள். இந்த முறை மேலத்தெரு என்றால் அடுத்த முறை காலனிப் பள்ளிக்கூடம் என்று இடத்தைச் சுழற்சியில் மாற்றச் சொல்லி ஒரு தீர்மானமே கொண்டுவரலாம். தனி ஆளாகப் பேசுவது ஆபத்து என்று தோன்றும் ஊரில், பத்துப் பதினைந்து பேர் கையெழுத்திட்ட மனுவை முந்தைய வாரமே ஊராட்சியிலும் வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் யாரும் வாய் திறக்காவிட்டாலும் அந்த மனு உயிரோடு இருக்கும். இந்த நூலைப் படிக்கும் நீங்கள் ஊரில் செல்வாக்கு உள்ளவர் என்றால், அடுத்த கூட்டத்தில் நாற்காலியை விட்டு எழுந்து, ஓரத்தில் நிற்பவரை உள்ளே அழைத்து உட்கார வையுங்கள். சட்டத்தால் செய்ய முடியாத வேலை அது.

கூட்டம் முடிந்த பிறகு

தீர்மான நகல் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி வட்டார வளர்ச்சி அலுவலகத்துப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. 'ஏன் எங்கள் தெருவுக்கு வேலை நடக்கவில்லை?' என்று கேட்காதீர்கள், 'ஏன்' என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் வருவதில்லை. 'இந்தத் தேதியில் நடந்த கிராம சபையின் தீர்மானப் பக்கங்களின் நகல், வருகைப் பதிவேட்டின் நகல், ஒப்புதல் பெற்ற வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியலின் நகல்' என்று ஆவணமாகக் கேளுங்கள்.

தீர்மானம் நிறைவேறியும் வேலை நடக்காவிட்டால் நகலை இணைத்துத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம், 1100 என்ற எண்ணில் முதல்வரின் முகவரிக்கும் சொல்லலாம். இரண்டிலும் மனு எண் தருவார்கள். அடுத்த கிராம சபையில், 'முந்தைய தீர்மானங்கள் மீது எடுத்த நடவடிக்கை' என்ற பொருள் வரும்போது அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். இப்படித் தொடர்ந்து இரண்டு மூன்று கூட்டங்களில் கேட்கும் தெருவின் கோப்பு கிடப்பில் கிடப்பது அபூர்வம். நகரத்தில் இருப்பவர்களுக்கு இதே வேலையைச் செய்யும் பகுதி சபை, வார்டு குழு பற்றி அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

உங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் கட்டாயம் இருப்பார், பெரும்பாலும் அவருடைய வீடுதான் கீற்றாகவும் இருக்கும். உங்கள் மனுவை எழுதி முடித்ததும் அதே கையோடு அவருக்கும் ஒன்று எழுதிக் கொடுங்கள். பட்டியலில் அவர் பெயர் எத்தனையாவது என்று பார்த்துச் சொல்லுங்கள். கூட்டத்தன்று அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.